நாலாவது மகளின் முத்திரை

முப்பத்து நாலு வயதில் ரிட்டயர்டு ஆனவன் என்று ஊரில் என்னைக் கேலி செய்கிறார்கள். செங்கம் ரோட்டு டீக்கடையில் போய் நின்றாலே, "ரிட்டயர்டு வந்துட்டாரு, சக்கரை கம்மியா ஒரு டீ போடு" என்று உள்ளே குரல் போகும். எனக்குக் கோபம் வருவதில்லை. நான் பார்த்த வேலை முடிந்துவிட்டது. அதே வேலை இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அப்படியானால் நான் ஓய்வு பெற்றவன்தானே.

போன மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணா, இப்ப பழைய ஆவணத்தப் போட்டோ எடுத்துப் போட்டா கம்ப்யூட்டரே வம்சப் படம் வரைஞ்சு குடுத்துடுதாமே. நீங்க இத்தினி வருஷமா இன்னாதான் பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். துறை மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும். அண்ணன் கோவிந்தன் பாதிப் படிப்போடு அப்பாவுடன் நிலத்துக்குப் போய்விட்டார். அக்கா அஞ்சலை பள்ளிக்கூடமே போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் குனிந்து வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கியதில்தான் நான் வரலாற்றில் எம்.ஏ. முடித்தேன். முடித்துவிட்டு, ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வருகிறவர்களுக்கு அறை காட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருந்த ஜெர்மன்கார அம்மா ஒருநாள், "நீங்க ஹிஸ்டரி படிச்சீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். அவர்தான் உர்சுலா மேடம். அவர் ஊரில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை தெரிகிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை எழுதி முடிக்க வந்திருந்தார். அவரிடம் ஜெர்மன் கற்றேன், பிறகு பழைய ஆவணம் படிக்கிற அளவுக்கு லத்தீன். அந்த முதல் வருடங்களில் விசேஷமாக ஒன்றுமில்லை. தப்பாகப் படித்தேன், திருத்தினார்.

புத்தகம் ஒரு டியூக்கைப் பற்றியது. அகராதியில் கோமகன் என்று இருக்கிறது. பேரரசருக்குக் கீழே ஒரு நாட்டைக் குடும்பச் சொத்து மாதிரி ஆண்டவர். எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஆள். அவர் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, எனவே டியூக் என்றே சொல்கிறேன். அவர் போட்ட சண்டைகளில் மேடத்துக்கு அக்கறை இல்லை. இரண்டு மனைவிகள், வரிசையாகப் பிள்ளைகள், நாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டு கடைசிவரை முகம் பார்க்காமல் போன தம்பி. எந்த மகளை எங்கே கட்டிக் கொடுத்தார், எந்த மகனைப் படிக்கவைத்துச் சாமியார் ஆக்கினார், யாரை மடத்தில் சேர்த்தார். இதுதான் புத்தகம். அதற்கு ஒரு வம்சப் படம், மேடத்தின் அறைச் சுவர் முழுக்க. அதை வரைவதும் அழிப்பதும் திரும்ப வரைவதும் என் வேலை.

வரைவதற்கு முறை உண்டு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஆவணத்தில் சாட்சி இருக்கிற உறவுக்குக் கெட்டிக் கோடு. ஊகம் என்றால் புள்ளிக் கோடு. பெயர் எழுதாமல் விடப்பட்ட பெண்களுக்கு வெறும் வட்டம். அந்த மாதிரி வட்டங்கள் நிறையவே இருந்தன. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாப்பிள்ளையிலிருந்தும் பெண்ணிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக மேலே எண்ணிக்கொண்டு போக வேண்டும். நாலு தலைமுறைக்குள் இருவருக்கும் ஒரே முன்னோர் வந்துவிட்டால் அந்தக் கல்யாணம் சிவப்பு. அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டப்படி அது ஆகாத சம்பந்தம், போப்பாண்டவரிடம் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அனுமதிக்குச் சாட்சி எங்கே என்று பிறகு தேட வேண்டும்.

மேடம் ஒருநாளும் குரல் உயர்த்தியது கிடையாது. நான் தப்பாக ஒரு கோடு போட்டால், ரப்பரை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைப்பார். "சாட்சி?" என்று ஒரு சொல். அவ்வளவுதான். நான் எது தப்பு என்று கண்டுபிடிக்கிறவரை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். புள்ளிக் கோட்டைப் புத்தகத்துக்காகக் கெட்டியாக்கிவிடலாம் என்று பதிப்பகத்தார் ஒருமுறை எழுதியபோது, ஒரு வாரம் அவர்களுக்குப் பதிலே போடவில்லை.

என் முதல் ரப்பர் டியூக்கின் முதல் கல்யாணத்துக்கு. அதை நான் சிவப்பாக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பெண் அவருக்குத் தாய்மாமன் மகள். பார்த்ததும் முறைப்பெண் என்று என் மனசு சொல்லிவிட்டது. அதற்கு மேல் எண்ணத் தோன்றவே இல்லை.

அக்காவை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். மேடத்துக்கு மதியச் சமையல் அவள்தான். சுவர்ப் படத்தைத் தினமும் தூசி தட்டுவாள். எழுத்துத் தெரியாது, ஆனால் கோடுகள் எல்லாம் அத்துப்படி.

"இன்னாடா இது, இவன் கல்யாணம் மட்டும் செவப்பா கீது?"

"மாமன் பொண்ணக் கட்டிக்கினாருக்கா. அவங்க ஊர்ல அது ஆவாது."

"மாமன் பொண்ணு ஆவாதா! அப்ப யாரத்தான் கட்டுவானுங்க, ரோட்டுல போறவளையா?"

"பெரியப்பா பொண்ணும் கூடாது அஞ்சலை" என்றார் மேடம், எழுதிக்கொண்டே.

"அய்ய, அது தங்கச்சி மேடம்! அது எந்த ஊர்லயும் ஆவாது."

"எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான்."

"அதான் அண்ணன் தம்பிங்க இப்டி அட்ச்சிக்கினாங்க" என்றாள் அக்கா. "மொறை தெரியாத ஜனம்."

மேடம் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து அக்கா சமையல் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்துக்கு எதிரில் நிற்பாள். இன்று டியூக் வீட்டில் என்ன என்று கேட்பாள்.

நான் பார்த்ததிலேயே கஷ்டமான விஷயம் டியூக்கின் நாலாவது மகளுடையது. அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

டியூக்குக்கு இரண்டாம் மனைவியிடம் நாலு பெண்கள். டியூக் இறந்ததும் மூத்த மகன் தன் தங்கைகளைக் கூட்டி ஓர் ஆவணம் எழுதவைத்தான். அப்பா சொத்தில் எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, மனப்பூர்வமாக அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று. அந்தக் காலத்தில் கையெழுத்துக் கிடையாது. ஆட்டுத் தோலில் எழுதி, அதன் அடிப்பக்கத்தை மடிப்பார்கள். மடிப்பில் கத்தியால் சின்னச் சின்னக் கீறல் போடுவார்கள். ஒவ்வொரு கீறலிலும் ஒரு தோல் பட்டையைக் கோத்து, அதன் நுனியில் மெழுகு வைத்து முத்திரையை அழுத்துவார்கள். முத்திரை தொங்கினால் சம்மதம். இந்த ஆவணத்தில் பெயர் நாலு. தொங்குகிற முத்திரை மூன்று. மூன்று பெண்களுக்குக் கல்யாணம் ஆனது. நாலாவது பெண் கன்னியர் மடத்தில் சேர்க்கப்பட்டாள்.

பாத்தியதையை விட்ட பெண்களுக்கு வட்டத்தின் அடியில் ஒரு சின்னக் கோடு போடுவது எங்கள் முறை. மூன்று பேருக்குக் கெட்டியாகப் போட்டேன். நாலாவது?

"மறுத்திருக்காங்க மேடம். அதான் கோவத்துல மடத்துல தள்ளிட்டாங்க" என்றேன். எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

"முத்திரை இல்லன்னா, முத்திரை இல்ல. அவ்ளோதான்" என்றார் மேடம். "எழுநூறு வருஷம். மெழுகு உடையும், பட்டை அறுந்துபோகும். நமக்குக் கீறல் வேணும்."

மடிப்பில் கீறல் மூன்றே என்றால், நாலாவது முத்திரை வைக்கவே இல்லை. நாலு கீறல் என்றால் வைத்து விழுந்திருக்கலாம். எங்களிடம் இருந்த பழைய படத்தில் மடிப்புப் பக்கம் ஒரே இருட்டு. மடிப்பைப் பின்பக்கமிருந்து படம் எடுத்து அனுப்பும்படி அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை நாலாவது மகளுக்கு அடியில் புள்ளிக் கோடு.

எங்கள் அப்பா இறந்தது அந்த வருடம்தான்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அண்ணன் டவுனுக்கு வந்தார். நிலத்தை அவர் பேருக்கு மாற்ற நானும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெண்கள் பங்கை விட்டுக்கொடுப்பார்கள், அண்ணன் தம்பி காலம் முழுக்கச் சீர் செய்வார்கள். "துண்டு துண்டாக் கூறு போட்டா யாருக்கும் பயிர் ஆவாது ஏழுமல. ஒரே கெணறு" என்றார். அவர் பேராசைக்காரர் இல்லை. அந்த நிலத்தைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. என் பங்கை நான் படித்தே தீர்த்துவிட்டேன். மேடத்திடம் சொன்னபோது, "டியூக் வீட்டு ரெண்டாவது பையன் நீ. நிலம் அண்ணனுக்கு, புத்தகம் தம்பிக்கு" என்றார்.

அக்காவை யாரும் கேட்கவில்லை. வருவாள், போடுவாள் என்றே அண்ணனும் நினைத்தார், நானும் நினைத்தேன். அவளுக்கோ வாடகை வீடு. கீர்த்தி என்று ஒரே பெண், பெரியவளாகிற வயது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும். போட்டால் பங்கு போயிற்று. போடாவிட்டால் அண்ணன் போயிற்று. இதை அவள் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதிவுக்கு முந்தின நாள், சாதம் வடித்துவிட்டு வழக்கம்போலப் படத்துக்கு எதிரில் வந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், அந்த நாலாவது பொண்ணு போட்டுச்சா, போடலியா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

"போடல" என்றார்.

என் பென்சில் நின்றுவிட்டது. சுவரில் என் கையால் போட்ட புள்ளிக் கோடு அப்படியே இருந்தது. மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"போடலியா?" என்றாள் அக்கா.

"போடல, அஞ்சலை."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். "இன்னிக்கு வேலை போதும்" என்று மேடம் எல்லாவற்றையும் மூடிவைத்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ரோடே அடைத்துக் கிடக்கிற நாளில்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

பதிவு அலுவலகத்தில் என் முறை வந்தது. போட்டோ எடுத்தார்கள், விரல் வைத்தேன், கையெழுத்துப் போட்டேன். அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். "படிச்சுக் காட்னாங்களாம்மா? சம்மதந்தானே?" என்று அதிகாரி நிமிராமலே கேட்டார்.

"சம்மதம் இல்லீங்க" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா?"

"எனக்கு சம்மதம் இல்லீங்க. எங்கப்பா பொண்ணு நானு."

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார். பத்திரம் எழுதியவரிடம், "விட்ருங்க" என்றார். வெளியே வந்து எல்லோருக்கும் டீ சொன்னார், அக்காவுக்கும் சேர்த்துத்தான். பிறகு என்னைப் பார்த்து, "அத வூட்ல கொண்டும்போய் வுட்டுட்டு வா" என்றார். அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நிலம் பிரியவில்லை. அண்ணனே பயிர் வைக்கிறார். அக்கா கோர்ட்டுக்குப் போகவில்லை, பங்கு கொடு என்றும் கேட்கவில்லை. "ஏன்க்கா, போட மாட்டேன்னு சொன்னவ கேக்கவாவது கேக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன். "கேட்டுட்டா அப்புறம் அவரு வரவே மாட்டாருடா" என்றாள். இப்போது அவளுக்குப் பங்கும் இல்லை, அண்ணனும் இல்லை.

கீர்த்தி பெரியவளானபோது நான்தான் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஊருக்குப் போய் அண்ணனை அழைத்தேன். எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கட்டும்" என்றார். "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். மஞ்சள் நீராட்டு அன்று பந்தலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதால், பெரிய மாமன் எடுத்துவர வேண்டிய சீரை நான் எடுத்து வந்தேன். புடவையைக் கீர்த்தி கையில் கொடுக்கும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மடிப்பின் படம் வந்தது.

காப்பகத்துக்காரர்கள் நன்றாகவே எடுத்திருந்தார்கள். மடிப்பின் பின்பக்கம், வெளிச்சம் சாய்வாக விழும்படி. திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். கீறல் நாலு. கீறலை முதலிலேயே போட்டுவைத்து, முத்திரை வைக்காமலே விட்டிருக்கவும் கூடும் என்று மேடம் சொன்னார். அது அவருக்கே கடைசிப் பிடி மாதிரி இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். நாலாவது கீறலில் பட்டையின் அறுந்த நுனி ஒன்று, சின்ன நாக்கு மாதிரி, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கொஞ்சம் மெழுகுக் கறை. முத்திரை தொங்கியிருக்கிறது, பிறகு அறுந்து விழுந்திருக்கிறது. நாலாவது மகளும் மற்ற மூன்று பேரைப் போலவே சம்மதித்திருக்கிறாள்.

மேடம் ரப்பரை எடுத்தார். என் கைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. தானே எழுந்து போய்ப் புள்ளிக் கோட்டை அழித்துக் கெட்டிக் கோடு போட்டார். அப்புறம், "அவ போட்டிருக்கக் கூடாதுன்னு எனக்கு ஆசை" என்றார். "எத்தனையோ பேர் போட்டுப் போட்டு, வெறும் வட்டமாப் போனாங்க. ஒருத்தியாவது."

படத்தை அச்செடுத்துக்கொண்டு அவரே சமையலறைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"அஞ்சலை, நான் தப்பாச் சொன்னேன். சாட்சி இல்லாமச் சொன்னேன். அவ போட்டிருக்கா."

அக்கா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தாள். "இது இன்னா, நாக்கு மாரி?"

"அறுந்துபோன பட்டை. அதுலதான் முத்திரை இருந்துச்சு."

"அப்ப போட்டுட்டா."

"போட்டுட்டா. மன்னிச்சுடுங்க அஞ்சலை."

அழுவாள், இல்லாவிட்டால் கோபப்படுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போடாததுக்கு அவளா காரணம்? உடுங்க மேடம்" என்றாள். பிறகு, "சரி, போட்டாளே. போட்டப்புறம் அவ அண்ணன் வந்தானா? மடத்துக்கு, ஒரு தபாவாவது, அவளப் பாக்க?"

வந்தான் என்று மேடம் சொல்லியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பாள். அந்த மடத்தின் பதிவுகளை நாங்கள் தேடியிருக்கிறோம். பாதிக்கு மேல் அழிந்துபோனவை. இருக்கிறதில் அண்ணன் பெயர் இல்லை.

"சாட்சி இல்ல, அஞ்சலை."

"வந்தான்னும் இல்லியா, வரலன்னும் இல்லியா?"

"ரெண்டுக்கும் இல்ல."

"அப்ப புள்ளிக் கோடு போடுங்க மேடம்."

"புள்ளிக் கோட்டுக்கும் ஏதாவது ஒண்ணு வேணும்" என்றார் மேடம், மெதுவாக. "சின்னதா ஏதாவது. ஒண்ணும் இல்லாமப் போட முடியாது."

அக்கா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பெரிதாக்கினாள்.

புத்தகம் வெளிவந்தது. மேடம் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார், இனி வருகிற உடம்பு இல்லை. நான் ரிட்டயர்டு. கம்ப்யூட்டர் படம் வரைவதைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்கிறேன். வரையட்டும், நன்றாகவே வரையும். எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. இத்தனை வருடம் சுவர் முழுக்கக் கோடு போட்டும், யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்பதற்குத்தான் எங்களிடம் கோடு இருந்தது. அண்ணன் வந்து பார்த்தானா என்பதற்கு எங்கள் முறையில் கோடே கிடையாது.

இந்த அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது அண்ணன் ஒரு மூட்டை மல்லாட்டையைத் தானே தூக்கிவந்து வேனில் ஏற்றினார். "உனக்குத்தான்" என்றார். நான் தனி ஆள், ஓட்டலில் சாப்பிடுகிறவன். அது அண்ணனுக்குத் தெரியும்.

மூட்டையை நேராக அக்கா வீட்டில் இறக்கினேன். அவள் கை நிறைய அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கொல்லையுது?"

"நம்ம கெணத்துக் கொல்லை நெலந்தான்க்கா."

"எனக்குக் குடுக்கச் சொன்னாரா?"

"சொல்லல. எனக்குன்னுதான் சொன்னாரு. ஆனா ஒரு ஆளுக்கு இது ஜாஸ்திக்கா."

அக்கா கையில் இருந்ததைக் கீழே போடாமல் மூட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப புள்ளிக் கோடு போடலாமாடா?"

மேடம் பக்கத்தில் இருந்திருந்தால் ரப்பரை எடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. போடலாம்க்கா என்றேன்.